ஏழாம் மாடி ஜன்னலில் மாப்பிள்ளை

போன வருஷம் மாசி மாதம் என் நண்பனுக்கு நெஞ்சு வலி வந்தது. செல்லூரில் என் லேத் பட்டறைக்கு அடுத்த பட்டறை அவனுடையது. ஒரே கடையில் டீ குடித்து, ஒரே ட்ரான்ஸ்பார்மரில் கரண்ட் போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கிற அளவுக்குப் பழக்கம். ரிங் ரோட்டு ஓரத்தில் முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஏழாம் மாடியில் அறை. மறுநாள் காலை பட்டறையைத் திறக்காமல் அவனைப் பார்க்கப் போனேன்.

அவன் மனைவி சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளையை அவன் ஒவ்வொன்றாக விதை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு எதிர்ச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதில் மேலிருந்து முதலில் ஒரு கயிறு ஆடியது. பிறகு இரண்டு ஷூக்கள் வந்தன. அதன்பின் ஒரு பலகை, பலகையில் உட்கார்ந்த இடுப்பு, பக்கத்தில் தொங்கும் நுரை நிறைந்த பக்கெட். மேலே ஆரஞ்சு நிற ஜாக்கெட்.

"எப்பிடித்தான் தொங்குறாய்ங்களோ" என்றான் நண்பன். "இந்தா நான் கட்டில்ல படுத்திருக்கேன், எனக்கே கிறுகிறுங்குது."

அந்த ஆள் இன்னும் கொஞ்சம் இறங்கினார். ஹெல்மெட்டும் முகமும் கண்ணாடிக்கு நேரே வந்தன. நான் சுளையைக் கையில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டேன். அது என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை.

கண்ணாடிக்குக் கிட்டே போனேன். முதலில் வேறு யாரோ என்றுதான் மனசு சொல்லப் பார்த்தது. ஆனால் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய அந்தத் தழும்பை நான் கல்யாணத்துக்கு முன்பே கவனித்திருக்கிறேன். பைக்கில் விழுந்தது என்று சொல்லியிருந்தார். அவர் என்னை நேருக்கு நேர் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பகலில் அந்தக் கண்ணாடி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் நுரையைத் தடவினார், வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் வழித்தார். ஓர் இடத்தில் புறா எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, நகத்தால் அதைச் சுரண்டினார். அவருடைய நகத்துக்கும் என் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் இருக்கும். அவருக்குக் கீழே ஏழு மாடி வெறும் காற்று.

தட்டிக் கூப்பிடக் கையைத் தூக்கினேன்.

"தட்டாதடா" என்றான் நண்பன் மெதுவாக. அவனும் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. "திடுக்குனு பயந்துட்டார்னா?"

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் எச்சத்தைச் சுரண்டி முடித்து, துணியால் துடைத்து, இடுப்பில் இருந்த ஒரு பிடியை அழுத்தினார். முகம் இறங்கியது, பிறகு ஹெல்மெட் இறங்கியது. இரண்டு கயிறுகள் மட்டும் கண்ணாடியில் அசைந்துகொண்டிருந்தன.

"சூப்பர்வைசர்னுதான சொன்னாங்க?" என்றான் நண்பன்.

அப்படித்தான் சொன்னார்கள். கட்டட மெயின்டனன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். கோச்சடையில் சொந்த வீடு, ஒரே பையன், குடி கிடையாது. வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் மூலமாக வந்த இடம். நானும் நாலு பேரிடம் விசாரித்தேன். எல்லாரும் நல்ல பையன் என்றார்கள். எதை மேற்பார்வை பார்க்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பி.காம் படித்த என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அதே கம்பெனியில் கணக்கு எழுதப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பைக்கில் வேலைக்குப் போய் ஒரே பைக்கில் வருகிறார்கள் என்று என் மனைவிக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகள் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை இங்கே தொங்குவது அவளுக்குத் தெரியுமா? அந்த ஒரு கேள்விதான் என் தலைக்குள் ஓடியது. நண்பனிடம் ஒன்றும் சொல்லாமல் அறையை விட்டு வெளியே வந்தேன். கீழே போய் அவர் இறங்கும்வரை காத்திருக்கலாம் என்றுதான் லிப்டுக்குப் போனேன். லிப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன். அந்தக் கயிறு எதில் கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

கடைசி மாடியில் படிக்கட்டு முன்னால் ஸ்டூல் போட்டு ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார். "மேல வேலை நடக்குது சார். போகக் கூடாது."

"கயித்துல தொங்குறது எங்க வீட்டு மாப்பிள்ளைண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டார்.

மொட்டை மாடியில் வெயில் வெள்ளையாக அடித்தது. தண்ணீர்த் தொட்டிகள், ஏசி மெஷின்கள், குழாய்கள். அவற்றைத் தாண்டி கைப்பிடிச் சுவரோரம் ஆரஞ்சு ஜாக்கெட்டும் மஞ்சள் ஹெல்மெட்டும் போட்ட ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி, ஒரு காலைச் சுவரில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தரையில் கான்கிரீட்டோடு பதித்த இரும்பு வளையங்களிலிருந்து இரண்டு கயிறுகள் கிளம்பி, சுவரின் மேல் விரித்த சாக்கின் மீது ஏறி அந்தப் பக்கம் மறைந்தன. அதில் ஒரு கயிறு அந்த ஆளின் கைகள் வழியாகப் போனது. நான் கிட்டே நடந்தேன்.

"யாரு அது? கயித்த மிதிச்சிறாதீங்க" என்றது குரல். திரும்பிப் பார்க்காமலே சொன்னது.

என் மகளின் குரல்.

அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்டதை எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஏழாம் மாடியில் மாப்பிள்ளையைப் பார்த்தபோது மனசு பதறியது. இங்கே பதற்றம்கூட வரவில்லை. காதை அடைத்துக்கொண்டு, ஏசி மெஷின்களின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"பாப்பா" என்றேன்.

அவள் முதுகு விறைத்தது. தலை மட்டும் திரும்பவில்லை. "அப்பாவா? இங்க எப்பிடிப்பா?"

"பக்கத்துப் பட்டறை மாமாவை இங்கதான் சேத்திருக்கு."

"ஐயோ. என்ன ஆச்சு அவருக்கு?"

"அத விடு. நீ என்ன செய்யிற இங்க?"

"பேசுப்பா, கேக்குறேன். ஆனா நான் திரும்ப முடியாது. அவர் தொங்கிக்கிட்டு இருக்கார்."

அதனால் நான் அவள் முதுகோடுதான் பேச வேண்டியிருந்தது. திட்ட வந்த வார்த்தைகளை ஒரு முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னாள். ஒரு கயிறு அவர் உட்கார்ந்து இறங்குவது, அது அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இன்னொன்று காப்புக் கயிறு, அது மேலே இருப்பவரின் பொறுப்பு. அவர் இறங்க இறங்க இவள் அதை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இவள் கையை எடுத்தால் பூட்டிக்கொள்ளும், அவர் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அதோடு, கயிறு சுவரில் உரசாமல் பார்க்க வேண்டும். சாக்கு நகர்ந்தால் சரிசெய்ய வேண்டும்.

"இதுக்கு ஆள் இல்லையா?"

"இருந்தாங்க."

ஒரு முழம் கயிற்றை விட்டாள். பிறகு சொன்னாள். ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது கழித்துப்போட வந்த பழைய கயிற்றுக் கட்டு ஒன்றைப் பார்த்தாளாம். ஓர் இடத்தில் மேலுறை முழுவதும் தேய்ந்து உள்நூல் வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. யார் தொங்கிய கயிறு என்று கேட்டாள். இவர் பெயரைச் சொன்னார்கள். மேலே நின்ற ஆள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் சாக்கு விலகிவிட்டது. அன்று ராத்திரி வீட்டில் இவர் ஒன்றுமே நடக்காததுபோல் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆள மாத்தச் சொல்ல வேண்டியதுதான?"

"மாத்துனாங்கப்பா. அந்தாளு போன்ல பேசிக்கிட்டே நின்னான். நான் ஒரு நாள் வந்து பாத்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மேல நிக்கிறதா இருந்தா நாந்தான் நிப்பேன்னு சொல்லிட்டேன். அவரே சொல்லிக் கொடுத்தார்."

"அவர வேற வேலை பாக்கச் சொல்ல முடியாதா?"

"சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள். ஊன்றிய காலால் சாக்கின் ஓரத்தைத் தள்ளிச் சரிசெய்தாள்.

நான் அடுத்து என்ன கேட்கப் போனேன் என்று நினைவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதோ என்று நினைத்தேன். கட்டடத்தின் மறுபக்கத்தில், தொட்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த தளத்தில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. வேலை செய்கிற பக்கமெல்லாம் காலையில் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த மூலையைப் பார்க்க வழியில்லை. ஒரு பருந்து வந்து கூட்டைக் கொத்தியது என்று கீழே நின்ற காவலாளிகள் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தொட்டிக்கு மேல் வானம் கருத்தது. அந்தக் கருப்பு எங்கள் பக்கம் திரும்பியது.

முதல் கொட்டு என் காது மடலில். அடுத்தது கண்ணிமையில். ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. படிக்கட்டுக் கதவு ஓடிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது.

"பாப்பா, வா. விட்டுட்டு வா."

அவள் எழுந்திருக்கவில்லை. தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியில் பேசினாள். "தேனீ வருது. வேற ஒண்ணும் பாக்காதீங்க. இறங்குங்க. நான் விட்டுக்கிட்டே இருக்கேன். இறங்குங்க."

அவள் கழுத்தில் ஐந்தாறு தேனீக்கள் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். கன்னத்தில் ஊர்ந்த ஒன்றை அவள் தட்டிவிடவில்லை. இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. கயிறுகளை மூடி வைத்திருந்த தார்ப்பாய் தரையில் கிடந்தது. அதை இழுத்து அவள் தலைமேல் போட்டு, பின்னாலிருந்து நானும் அதற்குள் நுழைந்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். முன்னால் கயிறு போவதற்கு இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளி வழியாக அவை வந்தன. தார்ப்பாய்க்குள் இருட்டும் சூடும் அந்த இரைச்சலும். அவள் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றைக்குப் பிறகு அவள் மூச்சு என்மேல் இவ்வளவு பக்கத்தில் பட்டதில்லை.

கயிறு அவள் கைகள் வழியே ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

வாக்கி டாக்கியில் மூச்சு வாங்கும் சத்தமும் முனகலும் மட்டும் வந்தன. அவர் முகத்தை மூடக் கையை எடுத்துவிட்டார். பிடியை விட்டதும் கயிறு பூட்டிக்கொண்டது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், மேலேயும் வராமல் கீழேயும் போகாமல், தேனீக்களுக்கு நடுவில் மாப்பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தார்.

"டேய்" என்றாள் என் மகள்.

எங்கள் முன்னால் அவரை அவள் "என்னங்க" என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"டேய், கேக்குதா? கையை முகத்துல இருந்து எடு. கண்ண மூடிக்க. எடுத்து இடுப்புல இருக்குற லீவர புடி. அம்புட்டுதான் செய்யணும். புடிச்சு அழுத்து. நான் இருக்கேன்டா. இங்கயேதான் இருக்கேன். இறங்கு."

ஒன்றும் நடக்கவில்லை. அவள் மறுபடி அதையே சொன்னாள். கத்தவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள்போல் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் உதடு ஒரு பக்கம் வீங்கி வார்த்தை குழறத் தொடங்கியிருந்தது. நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேறொன்றும் இல்லை. கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் தெரிந்த மணிக்கட்டு முழுவதும் கொடுக்குகள் நட்டுக்கொண்டு நின்றன.

கயிறு ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. பிறகு நிற்காமல் ஓடியது.

"அப்பிடித்தான்" என்றாள். "அப்பிடித்தான். வா."

வாக்கி டாக்கியில் கீழே நின்ற வேறோர் ஆளின் குரல் கேட்டது. "ஆளு தரைக்கு வந்துட்டாரும்மா." அப்போதும் அவள் விடவில்லை. "கயித்த கழட்டிட்டீங்களா? கழட்டிட்டு சொல்லுங்க" என்றாள். கழற்றியாகிவிட்டது என்று குரல் வந்த பிறகுதான் அவள் கைகள் திறந்தன. தார்ப்பாயோடு சேர்த்து அவளைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடினேன். செக்யூரிட்டி கதவைக் கொஞ்சமாகத் திறந்து எங்களை உள்ளே இழுத்துப் போட்டு மறுபடி சாத்தினார். எங்களோடு உள்ளே வந்த தேனீக்களைத் தொப்பியால் அடித்துக்கொண்டே, "பொம்பளப் புள்ள, பொம்பளப் புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் எங்கள் மூன்று பேரையும் படுக்க வைத்தார்கள். ஒரு நர்ஸ் தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் ஓரத்தால் என் கழுத்திலிருந்து கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தாள். மாப்பிள்ளையின் முகம் ஒரு முகமாகவே இல்லை. கண்கள் மூடி, உதடுகள் புடைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். கீழே இறங்கியதும் வார்டு பெட்ஷீட்டுகளைக் கொண்டுவந்து அவரைச் சுற்றி உள்ளே தூக்கி வந்திருக்கிறார்கள். மூச்சுத்திணறல் அடங்க ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்கிறவரை என் மகள் கட்டிலில் படுக்க மறுத்து, அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்ன பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

என் போன் அடித்தபடியே இருந்தது. நண்பன்.

"எங்கடா போன? ஜன்னல்ல பூராவும் தேனீ வந்து முட்டுது. மருமகன் என்ன ஆனாரு?"

"உசுரோட இருக்கார். மூணு பேரும் கீழதான் படுத்திருக்கோம்."

"மூணு பேரா? மூணாவது யாரு?"

நான் சொன்னேன். நெஞ்சுவலிக்காரனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்புறம்தான் தோன்றியது.

சாயங்காலம் என் மனைவி வந்தாள். விவரம் கேட்டு, மகளின் வீங்கிய முகத்தைத் தடவி, மருமகனின் கட்டிலோரம் நின்று அழுதாள். நான் வராண்டாவுக்கு அவளைக் கூட்டிப்போய் என் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்கா பெண்ணைக் கொடுத்தோம், வேலையை விடவில்லை என்றால் அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்றேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

"லேத்துல உங்க விரல் போனப்ப என்ன செஞ்சீங்க?"

என் இடது மோதிர விரலில் மேல்கணு கிடையாது. பழைய கதை.

"கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே பட்டறைக்குப் போனீங்க. நான் போகாதீங்கன்னு அழுதேன். தொழிலுன்னா அப்பிடித்தான் இருக்கும்னு சொன்னீங்க."

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன். என் தொழில் ஆபத்தானது என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தோன்றியதே இல்லை. சுற்றுகிற இரும்பின் பக்கத்தில் தினமும் நிற்கிறேன். அது எனக்கு அடுப்பங்கரையில் நிற்பது மாதிரிதான். மாப்பிள்ளைக்கும் அந்தக் கயிறு அப்படித்தானோ என்று நினைத்தபோது, ஆறுதலுக்குப் பதிலாக இன்னும் கலக்கம்தான் வந்தது.

வீக்கம் வற்றி அவர் வீட்டுக்கு வந்ததும் கோச்சடைக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"சூப்பர்வைசர்னு சொன்னீங்களே மாப்பிள்ளை."

"சூப்பர்வைசர்தான் மாமா. எனக்குக் கீழ பசங்க இருக்காய்ங்க. புதுக் கட்டடம்னா நான் இறங்கிப் பாக்காம அவங்கள இறக்க மாட்டேன். சொல்லாதது தப்புதான். சொன்னா பொண்ணு குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான்."

"ஏன் இந்த வேலை? ஊர்ல வேற வேலையா இல்ல?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை அதன்பிறகும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்வார், எதுவும் பொய்யாகத் தெரியாது. ஒரு நாள், மேலே போனால் தலைக்குள் ஓடுகிற பேச்செல்லாம் நின்றுவிடுகிறது என்றார். இன்னொரு நாள், துடைத்த கண்ணாடியில் சாயங்கால வெயில் பட்டு, பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்ப்பானே, அதற்குத்தான் என்றார். அன்றைக்கு அவர் சொன்னது வேறு.

"இதுக்கு முன்னாடி பைக்ல சாப்பாடு டெலிவரி பாத்தேன் மாமா. இந்தத் தழும்பு அதுல வந்ததுதான். காளவாசல் பக்கம் ஒரு கார்க்காரன் தட்டிட்டுப் போயிட்டான். ரோட்ல கெடக்கேன். எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போறாங்க. கஸ்டமர் போன் பண்ணி, சாப்பாடு எங்கன்னு கேக்குறார். நான் கெடந்தத ஒருத்தரும் பாக்கல. இங்க அப்பிடியில்ல. இறங்குறதுக்கு முன்னாடி என் பெல்ட்ட இன்னொருத்தர் இழுத்துப் பாப்பாங்க. நான் எங்க இருக்கேன், என்ன செய்யிறேன்னு மேல ஒருத்தர் பாத்துக்கிட்டே இருப்பாங்க. முன்னாடி இருந்த ஆளுங்க சரியில்ல, வாஸ்தவம். இப்ப சரியான ஆளு இருக்கு."

உள்ளே சமையலறையில் குக்கர் சத்தம் நின்றிருந்தது. என் மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அன்னைக்கு அந்த ஆளும் செத்திருக்கும்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அத நெனச்சா எனக்கும் தூக்கம் வரல மாமா" என்றார். காபி வந்தது, குடித்தோம்.

வேலையை அவர்கள் விடவில்லை. தேனீக்கள் தாமாகவே கிளம்பிப்போன பிறகு அதே ஆஸ்பத்திரியின் பாக்கிக் கண்ணாடியையும் துடைத்து முடித்தார்கள். இப்போது கட்டடத்தைச் சுற்றிலும் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்த பிறகுதான் கயிறு கட்டுகிறார்கள். முகத்துக்கு வலை போட்ட தொப்பியும் பையில் இருக்கிறது. இதையெல்லாம் மகள் என் மனைவியிடம் போனில் சொல்வாள், மனைவி என்னிடம் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டு லேத்தைப் போடுவேன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னாள். கோச்சடையில் புதிதாகக் கட்டிய நாலு மாடிக் கல்யாண மண்டபம் ஒன்றில் வேலை. சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். மாப்பிள்ளையைக் காணவில்லை. "மேல இருக்கார்" என்றாள் மகள். அவள் இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் மாட்டியிருந்தாள்.

"நீ ஏன் இத மாட்டியிருக்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"இன்னைக்கு நான் இறங்குறேம்மா. அவர் மேல நிப்பார். ஒரு வருஷமா அடுத்தவங்களுக்குக் கயிறு விடுறேன். அதுல உக்காந்தா எப்பிடியிருக்கும்னு தெரியாமயே விட்டா சரியா வராது."

நான் வாயைத் திறப்பதற்குள் படியேறிவிட்டாள். வேண்டாமென்று கூப்பிட்டுச் சொல்லும்படி மனைவியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கைப்பிடிச் சுவருக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. பிறகு ஒரு கால் வெளியே வந்தது. சுவரின் விளிம்பில் அவள் வெகுநேரம் அப்படியே இருந்தாள். மாப்பிள்ளை குனிந்து ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. அவள் தலையை ஆட்டினாள், பின்னால் சாய்ந்தாள், கயிற்றில் தொங்கினாள். என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் என் தோலில் பதிந்தது. மகள் கொஞ்சம் இறங்குவாள், சுவரில் காலை வைத்து நிற்பாள், மறுபடி இறங்குவாள். இரண்டாம் மாடிக்கு வந்தபோது காற்றில் ஒரு பக்கமாகச் சுழன்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கால் தரையைத் தொட்டதும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத முகம். என் மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பிறகு ஓங்கி அவள் தோளில் ஓர் அடி வைத்தாள்.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். கை கழுவிட்டு வா. சோறு ஆறுது."

மாப்பிள்ளையும் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மண்டபத்தின் காலியான சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேரும் இலை போட்டு உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் காற்றைப் பற்றியும், அவள் கால் வைத்த கோணத்தைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். மகளுக்கு நான்தான் குழம்பு ஊற்றினேன். அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி இலையிலும் பாதி தரையிலும் விழுந்தது.

"போதும்ப்பா, நானே ஊத்திக்கிறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள்.